கறுத்துக் காட்டும் இரும்பு: எம்.ஆர்.ஐ. படமெடுப்பில் காந்த நானோ துகள்கள்

எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பில் உள்ளுறுப்புகளாகத் திரையில் தெரிபவை, அவற்றிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் அடங்கிய ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வெளியிடும் வானொலி அலைச் சைகைகளே ஆகும். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா வலிமையுள்ள கருவிக்குள் நோயாளி படுத்ததும் இந்த அணுக்கருக்களில் மிகச் சிறு பங்கு காந்தப்புலத்தின் திசைக்குச் சாய்கிறது. ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு துடிப்பைச் செலுத்தி அந்த ஒழுங்கைக் கலைத்துவிட்டு, அணுக்கருக்கள் பழைய நிலைக்கு மீளும்போது எழும் சைகையைக் கருவி பதிவுசெய்கிறது. இந்த மீட்சி இரு வழிகளில் நிகழ்கிறது. அணுக்கருக்கள் மீண்டும் புலத்தின் திசைக்கு வந்து சேர எடுக்கும் காலம் டி1 தளர்வு நேரம் என்றும், ஒன்றுபோலச் சுழன்றுகொண்டிருந்தவை ஒன்றுக்கொன்று இசைவு தப்பிச் சிதற எடுக்கும் காலம் டி2 தளர்வு நேரம் என்றும் குறிக்கப்படுகின்றன. டி1 குறைந்த இடம் படத்தில் வெளுத்தும், டி2 குறைந்த இடம் கறுத்தும் தெரியும். நோயுற்ற திசுவுக்கும் நலமான திசுவுக்கும் இந்த நேரங்களில் போதிய வேறுபாடு இல்லாத இடங்களில் அவ்வேறுபாட்டைச் செயற்கையாகக் கூட்டுவதற்குச் செலுத்தப்படும் மருந்தே மாறுபாட்டுப் பொருள்; நோயாளிகள் அதைக் 'கான்ட்ராஸ்ட் ஊசி' என்று அறிவார்கள்.

எக்ஸ் கதிர்ப் படத்துக்குப் பயன்படும் அயோடின் மருந்து கதிரைத் தானே மறித்துத் தன் உருவத்தைப் படத்தில் பதிக்கிறது. எம்.ஆர்.ஐ. மருந்தின் நிலை வேறு. அது படத்தில் தெரிவதேயில்லை. தன்னைச் சூழ்ந்த நீரின் நடத்தையை மாற்றுகிறது, அந்த மாற்றம்தான் தெரிகிறது. காந்த நானோ துகள்களைப் பற்றிய நாற்பதாண்டு ஆய்வில் கிட்டிய வெற்றிகளும் நேர்ந்த ஏமாற்றங்களும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பெரும்பாலும் கிளைக்கின்றன. துகள் எங்கே போய்ச் சேர்கிறது, எந்தச் செல் அதை விழுங்குகிறது என்பதை உடல் தீர்மானிக்கிறது. படம் அந்தத் தீர்மானத்தின் நிழலைத்தான் காட்டுகிறது.

எம்.ஆர்.ஐ.யின் அடிப்படையை 1973இல் வெளியிட்டு, பீட்டர் மான்ஸ்ஃபீல்டுடன் 2003இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பால் லாட்டர்பர், 1970களின் இறுதியிலேயே மாங்கனீசு உப்பை நாய்களுக்குச் செலுத்தி இதயத் தசையின் தளர்வு நேரத்தை மாற்றிப் பார்த்தார். ஆயினும் மருத்துவமனைக்கு முதலில் வந்து நிலைத்தது கடோலினியம். இந்த உலோக அயனியில் இணைசேராத எலெக்ட்ரான்கள் ஏழு உள்ளன. அவை அருகிலுள்ள நீரின் டி1 நேரத்தை வெகுவாகக் குறைத்து அந்த இடத்தை வெளுக்கச் செய்கின்றன. தனித்த அயனி நச்சு என்பதால் அதனைக் கரிம மூலக்கூறு ஒன்றின் பிடிக்குள் பூட்டித்தான் ஊசியில் ஏற்றுகிறார்கள். 1988இல் ஒப்புதல் பெற்ற மேக்னவிஸ்ட் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த மருந்துகள் மிகவும் பாதுகாப்பானவை என்றே கருதப்பட்டன. சிறுநீரகம் செயலிழந்த சிலருக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் தடித்து இறுகும் கொடிய நோய் ஒன்று வருவதற்குக் கடோலினியம் காரணமாக இருக்கலாம் என்பது 2006இல் தெரியவந்தது. சிறுநீரகக் குறை இல்லாதவர்களிலும்கூட, பலமுறை ஊசி போட்டுக்கொண்டால், மூளையின் சில பகுதிகளில் அந்த உலோகம் தங்கிவிடுவதை 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். பிடிப்பு தளர்வான, சங்கிலி அமைப்புள்ள மருந்துகள் பலவற்றின் பயன்பாட்டை ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2017இல் நிறுத்திவைத்தது.

இரும்பு இதற்கு நேர்மாறானது. உடலுக்குப் பழகிய உலோகம். வளர்ந்த மனிதரின் உடலில் மூன்று முதல் நான்கு கிராம் வரை இரும்பு இருக்கிறது; அதைச் சேமிக்கவும் கடத்தவும் மீண்டும் பயன்படுத்தவும் உடலுக்கு வழிகள் உண்டு. படமெடுப்புக்குப் பயன்படும் துகள்களின் உட்கரு மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு அல்லது அதன் நெருங்கிய உறவான மேக்கமைட். சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையின் பாறைகளில் பொதிந்திருக்கும் காந்த இரும்புத் தாதுவும் இதே மேக்னடைட்தான். பெரிய கட்டியாக இருக்கையில் மேக்னடைட்டுக்குள் காந்தத் திசை மாறுபட்ட பல சிறு பகுதிகள் அடங்கியிருக்கும். ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டர் அளவில், அதாவது ஐந்து, பத்து நானோமீட்டர் விட்டத்துக்கு அதை நறுக்கினால், ஒரு துகளுக்குள் ஒரே ஒரு காந்தப் பகுதிக்குத்தான் இடமிருக்கும். துகள் முழுவதும் ஒற்றைக் காந்தமாகிவிடும். அவ்வளவு சிறிய காந்தத்தின் திசையை அறை வெப்பமே ஓயாமல் புரட்டிப்போடுவதால், வெளிப்புலம் இல்லாதபோது அதன் நிகரக் காந்தத்தன்மை சுழியாகிறது. புலம் வந்ததும் எல்லாத் துகள்களும் வரிசையில் நிற்கின்றன. புலம் போனதும் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மீப்பாராகாந்தத் தன்மை எனப்படும் இந்த நடத்தையின் கோட்பாட்டை 1949இல் வகுத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல். மருத்துவத்துக்கு இந்த மறதி மிக இன்றியமையாதது. காந்தத்தை நினைவில் வைத்திருக்கும் துகள்கள் இரத்தக்குழாயில் ஒன்றையொன்று இழுத்துத் திரண்டு அடைப்பை உண்டாக்கிவிடும்.

துகளின் வலிமையை ஒரு சிறு கணக்கு உணர்த்தும். ஐந்து நானோமீட்டர் விட்டமுள்ள மேக்னடைட் உருண்டையில் ஏறத்தாழ 2,600 இரும்பு அணுக்கள் அடங்கும். படிக அமைப்பில் எதிரெதிர் திசைகளில் நிற்கும் அணுக்கள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்த பிறகும் எஞ்சும் காந்தத் திறன், ஒரு கடோலினியம் அயனியின் திறனைப்போல் சில நூறு மடங்கு. மேற்பரப்பிலுள்ள அணுக்கள் ஒழுங்கு குலைந்து கிடப்பதால் அதில் ஒரு பகுதி வீணாகும் என்றாலும், எஞ்சுவது போதிய அளவுக்கு மேல். இவ்வளவு வலிய காந்தம் தன்னைச் சுற்றியுள்ள புலத்தைச் சீரற்றதாக்குகிறது; அவ்வழியே ஊடுருவிச் செல்லும் நீர் மூலக்கூறுகளின் அணுக்கருக்கள் விரைவாக இசைவு தப்புகின்றன; டி2 குறைகிறது; படத்தில் அந்த இடம் கறுக்கிறது. துகளைவிடப் பன்மடங்கு பெரிய பரப்பு கறுப்பதால், துகளின் அளவு படக்கருவியின் நுணுக்கத்துக்கு வெகு கீழே இருந்தாலும் அதன் இருப்பு வெளிப்பட்டுவிடுகிறது.

தயாரிப்பு முறை எளிது. இரும்பின் இருவகை உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் நீரில் கரைத்து அம்மோனியா சேர்த்தால் கரிய துகள்கள் வீழ்படிவாகும். அவை ஒட்டிக்கொள்ளாதிருக்க டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைச் சங்கிலியாலோ அதன் வழிப்பொருளாலோ உறை போடப்படுகிறது. ஒரே அளவுள்ள துகள்களைப் பெறுவதற்கு, கரிமக் கரைப்பானில் உயர்வெப்பத்தில் சிதைக்கும் முறைகள் 2000க்குப் பின் வளர்ந்தன. ஆயினும் மருந்துக்கடை வரை வந்தவை பெரும்பாலும் பழைய முறையின் பிள்ளைகளே.

முதல் வெற்றி கல்லீரலில் கிட்டியது. அதற்குத் துகளின் நுட்பத்தைவிட உடலின் துப்புரவுப் பணியே காரணம். இரத்தத்தில் மிதக்கும் அன்னியப் பொருள்களை விழுங்கும் செல்கள் கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்தவர் பெயரால் குஃபர் செல்கள் என்பர். நூறு நானோமீட்டருக்கு மேற்பட்ட உறையுடன் கூடிய துகள் சிரையில் ஏற்றப்பட்டால், அதில் பெரும்பங்கை இந்தச் செல்களும் ஒரு சிறு பங்கை மண்ணீரலின் செல்களும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் விழுங்கிவிடுகின்றன. மருந்தை இலக்குக்கு அனுப்ப முயலும் எல்லா ஆய்வாளர்களையும் வெறுப்பேற்றும் இந்தப் பண்பு, கல்லீரல் புற்றுக்கட்டியைக் கண்டறிவதற்கு வரமாகியது. கட்டியில், குறிப்பாகப் பிற உறுப்பிலிருந்து வந்து குடியேறிய கட்டியில், குஃபர் செல்கள் இருப்பதில்லை. அங்கே துகள் நுழைவதில்லை. எனவே நலமான கல்லீரல் முழுவதும் கறுத்துப்போக, கட்டி மட்டும் அந்தக் கறுப்பின் நடுவே வெளுத்து நிற்கிறது. நோயைச் சாயம் பூசிக் காட்டாமல், நோயில்லாத இடத்தையெல்லாம் இருட்டாக்கி நோயை எஞ்சவிடும் உத்தி இது. 1980களின் பிற்பகுதியில் பாஸ்டனில் ஸ்டார்க், வைஸ்லெடர் முதலியோர் இதை மனிதர்களில் நிறுவினர்; ஃபெருமாக்சைட்ஸ் என்னும் மருந்து ஃபெரிடெக்ஸ் என்ற பெயரில் 1996இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது.

அதன் அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.56 மில்லிகிராம் இரும்பு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 34 மில்லிகிராம் அளவே ஏறுகிறது. ஒரு பை இரத்தம் ஏற்றிக்கொள்பவருக்கு அதன்வழி சேரும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்போடு ஒப்பிட்டால் இது அற்பம். விழுங்கப்பட்ட துகளைச் செல்கள் நாளடைவில் கரைக்க, அதன் இரும்பு ஃபெர்ரிட்டின் என்னும் சேமிப்புப் புரதத்தில் சேர்ந்து, பின்னர் புதிய சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினிலும் போய் அமர்கிறது. மருந்து உடலைவிட்டு வெளியேறாமல் உடலாகவே மாறிவிடுவது மருந்தியலில் அரிது.

இவ்வளவு நேர்த்தியான மருந்து 2008இல் சந்தையிலிருந்து மறைந்தது. கடோலினியத்தின் கேடு வெளிப்பட்டு இரண்டே ஆண்டுகளில், அதற்கு மாற்றாக நிற்கத்தக்க பொருள் விலகிக்கொண்டது இத்துறை வரலாற்றின் வேடிக்கை. நச்சுத்தன்மை அதற்குக் காரணமன்று. அன்றாட நடைமுறையே காரணம். ஃபெரிடெக்ஸைக் கரைத்து ஏறத்தாழ அரைமணி நேரம் சொட்டுச்சொட்டாக ஏற்றவேண்டியிருந்தது. வேகமாக ஏற்றினால் சிலருக்குக் கடும் முதுகுவலி வந்தது. ஏற்றி முடித்துக் காத்திருந்து பின்னரே படமெடுக்க முடிந்தது. இதற்கிடையில் கல்லீரல் செல்களுக்குள் புகும் புதுவகைக் கடோலினிய மருந்தொன்று ஐரோப்பாவில் 2004இலும் அமெரிக்காவில் 2008இலும் வந்து, கட்டிக்குள் இரத்தம் பாயும் விதத்தையும், கல்லீரல் செல்கள் உள்ளனவா என்பதையும் ஒரே அமர்வில் இருபது நிமிடங்களுக்குள் காட்டிவிட்டது. ஒரு நாளில் எத்தனை நோயாளிகளைக் கருவிக்குள் அனுப்ப முடியும் என்ற கணக்கே இங்கு இயற்பியலைத் தோற்கடித்தது.

அடுத்த களம் நிணநீர்க் கணு. புற்றுநோய் பரவியிருக்கிறதா என்பதை அறுவைக்கு முன் முடிவுசெய்ய மருத்துவர்கள் பார்க்கும் முதல் இடம் இந்தக் கணுக்களே. ஆனால் வழக்கமான படங்களில் இதற்குக் கிடைக்கும் ஒரே அளவுகோல் கணுவின் பருமன். எட்டு அல்லது பத்து மில்லிமீட்டருக்கு மேல் வீங்கினால் சந்தேகம், இல்லையேல் நலம் என்பது விதி. சாதாரண அழற்சியாலும் கணு வீங்கும், சிறிய கணுவுக்குள்ளும் புற்று ஒளிந்திருக்கும் என்பது விதியின் ஓட்டை. கல்லீரலுக்குப் போன துகளைவிட மிகச் சிறிய, ஏறத்தாழ முப்பது நானோமீட்டருக்கு உட்பட்ட துகளைக் குஃபர் செல்கள் உடனே கண்டுகொள்வதில்லை. அது பல மணி நேரம் இரத்தத்தில் சுற்றி, நுண்குழாய்களிலிருந்து மெல்லக் கசிந்து, நிணநீர் வழியே கணுக்களை அடைந்து, அங்குள்ள விழுங்கு செல்களிடம் சிக்குகிறது. ஒரு நாள் கழித்துப் படமெடுத்தால் நலமான கணு கறுத்திருக்கும். புற்று ஆக்கிரமித்த பகுதி வெளுத்திருக்கும்.

பாஸ்டன், நெதர்லாந்தின் நைமேகன் ஆகிய இரு நகரங்களின் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. புரோஸ்டேட் புற்றுள்ள 80 ஆண்களிடமிருந்து எடுக்கப்பட்ட 334 கணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது 63 கணுக்களில் புற்று இருந்தது. அவற்றுள் 45 கணுக்கள், அதாவது நூற்றுக்கு 71, பருமன் முதலிய வழக்கமான அளவுகோல்களின்படி நலமானவையாகவே கணக்கிடப்பட்டிருக்கும். துகள் ஏற்றிய படம் கணு வாரியாகப் பார்க்கையில் நூற்றுக்கு 90.5 புற்றுக் கணுக்களைப் பிடித்தது, சாதாரண எம்.ஆர்.ஐ. பிடித்தது 35.4. இத்தகைய இடைவெளி படமெடுப்பு ஆய்வில் எளிதாகக் கிட்டுவதன்று. ஆயினும் ஃபெருமாக்ஸ்ட்ரான்-10 என்னும் அந்த மருந்துக்கு 2005இல் அமெரிக்க ஆலோசனைக் குழு பொதுப் பயன்பாட்டு ஒப்புதலைப் பரிந்துரைக்கவில்லை. ஐரோப்பிய விண்ணப்பமும் 2007இல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு புற்றில் ஓர் ஆய்வு காட்டிய திறமையை எல்லாப் புற்றுகளுக்கும் நீட்டிக்கும் சான்று போதவில்லை என்பது நியாயமான தடையே. மில்லிமீட்டர் அளவுள்ள கணுவில் கறுப்பு முழுமையானதா அரைகுறையா என்று படிப்பதும் பயிற்சிபெற்ற கண்ணைக் கேட்பது. நைமேகனில் இருந்தவர்கள் விடவில்லை. மருந்தின் தயாரிப்பு நின்ற பின் அதனை மீட்டெடுத்துப் புதிய பெயரில் சோதனைகளைத் தொடர்ந்தார்கள்.

அதே நகரத்தின் இன்னோர் ஆய்வு, அளவில் மிகச் சிறியது, துகளின் தனிச்சிறப்பை வேறு கோணத்தில் காட்டுகிறது. மெலனோமா என்னும் தோல் புற்றுக்குத் தடுப்பாற்றல் சிகிச்சையாக, நோயாளியின் சொந்தத் தடுப்பாற்றல் செல்களான டென்ட்ரைட்டிக் செல்களைப் பயிற்றுவித்து நிணநீர்க் கணுவுக்குள் ஊசியால் செலுத்தும் முறை அப்போது சோதனையில் இருந்தது. செல்களை இரும்புத் துகளை விழுங்கச் செய்துவிட்டு, அல்ட்ராசவுண்டு வழிகாட்ட, தேர்ந்த கை ஊசியைச் செலுத்திய பின் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, எட்டு நோயாளிகளில் நால்வருக்கு மட்டுமே செல்கள் கணுவுக்குள் இருந்தன. மற்றவர்களுக்கு அவை அருகிலிருந்த கொழுப்பில் கறுத்துக் கிடந்தன. 2005இல் வெளிவந்த இந்த முடிவு, சிகிச்சை பலனளிக்காத நோயாளிகளில் எத்தனை பேருக்கு மருந்து தோற்றது, எத்தனை பேருக்கு ஊசி தவறியது என்ற கேள்வியை எழுப்பியது. கதிரியக்கக் குறியீடு செல்கள் உடலில் எங்கோ இருப்பதைச் சொல்லும். கொழுப்புக்கும் கணுவுக்கும் இடையிலான சில மில்லிமீட்டர் வேறுபாட்டை அதனால் சொல்ல இயலாது.

இன்று மருத்துவமனைகளில் பெரிதும் புழங்கும் காந்தத் துகள், முதலில் படமெடுப்புக்காக ஒப்புதல் பெற்றதே அன்று. ஃபெருமாக்சிட்டால் 2009இல் அமெரிக்காவில் சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு இரும்பு மருந்தாக வந்தது. அதன் குறிப்புத்தாளில், இந்த ஊசிக்குப் பின் மூன்று மாதம் வரை எம்.ஆர்.ஐ. படங்கள் மாறக்கூடும் என்ற எச்சரிக்கை உள்ளது. கதிரியல் மருத்துவர்கள் அந்த எச்சரிக்கையையே வாய்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். பதினான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட அரையாயுளுடன் அது இரத்தத்திலேயே தங்குவதால், கடோலினியம் தரமுடியாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகளுக்கும் இரத்தக்குழாய்களை நிதானமாகப் படமெடுக்க உதவுகிறது. இங்கு துகள் கறுப்பாகவன்றி, உரிய படமுறையில், வெளுப்பாகவே பயன்படுகிறது. முதலில் 510 மில்லிகிராம் இரும்பைப் பதினேழு நொடிகளில்கூட நேரடியாக ஏற்றலாம் என்றிருந்த விதி, உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை சிலருக்கு நேர்ந்ததால், 2015இல் கட்டமிட்ட எச்சரிக்கையுடன், பதினைந்து நிமிடங்களுக்குக் குறையாத சொட்டாக மாற்றப்பட்டது. இரும்பு உடலுக்குப் பழகியது என்ற வாதம் உண்மையே. ஆனால் நோய் எதிர்ப்பு அமைப்பு முதலில் சந்திப்பது இரும்பை அல்ல, அதன் உறையை.

கறுப்பைக் குறியாகக் கொள்வதன் இடர்ப்பாட்டையும் சொல்லவேண்டும். பழைய இரத்தக்கசிவு, சுண்ணாம்புப் படிவு, குடலிலுள்ள காற்று யாவும் இதே படமுறைகளில் கறுத்தே தெரிகின்றன. கறுப்பின் விளிம்பு உண்மையான இடத்தைத் தாண்டிப் பரவி அண்டைத் திசுவையும் மறைக்கிறது. இதனால் மூன்று, நான்கு நானோமீட்டர் அளவுக்கு உட்கருவைச் சுருக்கி, காந்தத் திறனை வேண்டுமென்றே குறைத்து, துகளையும் கடோலினியத்தைப்போல வெளுக்கச் செய்யும் முயற்சி கொரியாவிலும் அமெரிக்காவிலும் நடந்து நல்ல பலன் தந்துள்ளது. வலிய காந்தத்தைத் தேடித் தொடங்கிய துறை வலுவிழந்த காந்தத்தை நாடிச் செல்வது முரணாகத் தோன்றினாலும், படிக்கும் கண்ணுக்கு எது எளிது என்பதை இப்போதுதான் அது கேட்கத் தொடங்கியிருக்கிறது எனலாம்.

புற்றுச் செல்லைத் தேடிப்போய் ஒட்டும் எதிர்ப்பொருளைத் துகளில் பொருத்தும் ஆய்வுக் கட்டுரைகள் எண்ணற்றவை; மருந்தானவை அரிது. இரத்தத்தில் இறங்கிய கணத்திலிருந்தே நூற்றுக்கணக்கான புரதங்கள் துகளின் மேல் படிந்து புதிய உறையாகிவிடுவதால், ஆய்வகத்தில் கவனமாகப் பொருத்திய எதிர்ப்பொருள் அதன் கீழே மறைந்துபோக, துகள் மீண்டும் கல்லீரலுக்கே திரும்புகிறது.

படமெடுப்பு அறைக்கு வெளியே துகள் ஓரளவு நிலைபெற்றுவிட்டது. மார்பகப் புற்றுக்கட்டியின் அருகே துகள் திரவத்தை ஊசியில் ஏற்றி, அது முதலில் சென்றடையும் கணுவை அறுவை மேசையிலேயே கையடக்கக் காந்த உணரியால் தேடும் பிரிட்டிஷ் முறை 2018இல் அமெரிக்க ஒப்புதலும் பெற்றது; கதிரியக்கப் பொருள் கிடைக்காத மருத்துவமனைகளுக்கு இது பேருதவி. ஆனால் ஊசி போட்ட இடத்தில் தோல் பழுப்பாகிச் சிலருக்கு நெடுநாள் நிற்கிறது. எஞ்சிய இரும்பு பின்னாளில் எடுக்கும் மார்பக எம்.ஆர்.ஐ.யில் கரும்பள்ளமாகத் தெரிந்து, புற்று திரும்பியிருக்கிறதா என்று பார்க்கவேண்டிய இடத்தையே மறைக்கிறது.

நீரின் நிழலை விட்டுவிட்டுத் துகளையே நேரடியாகக் காணும் முறை 2005இல் ஹாம்பர்க்கிலிருந்து வந்தது. காந்தத் துகள் படமெடுப்பு என்னும் இம்முறையைக் கண்டறிந்த கிளைஹ், வைசனெக்கர் இருவரும், வலிய புலத்துக்கு நடுவே புலமற்ற ஒரு புள்ளியை உருவாக்கி அதை உடலுக்குள் நகர்த்தினார்கள். புள்ளிக்கு வெளியிலுள்ள துகள்கள் முழுமையாகக் காந்தமேறி அசைவற்றிருக்க, புள்ளியிலுள்ளவை மட்டும் நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறும் புலத்துக்கு ஏற்பப் புரண்டு, செலுத்திய அதிர்வெண்ணின் மடங்குகளில் சைகை தருகின்றன. திசு அந்தச் சைகையில் பங்கேற்பதில்லை என்பதால் பின்னணியே இல்லாத படம் கிடைக்கிறது. துகள் எவ்வளவு என்பதையும் அளந்துவிடலாம். 2009இல் உயிருள்ள எலியின் துடிக்கும் இதயம் இவ்வாறு படமாயிற்று. அந்த ஆய்வகங்கள் தொடக்கத்தில் நம்பியிருந்த துகள் ரெசோவிஸ்ட்: கல்லீரல் எம்.ஆர்.ஐ.க்காக 2001இல் ஐரோப்பாவுக்கு வந்து, போதிய விற்பனையின்றி அங்கிருந்து விலகிய மருந்து. அதிலுள்ள துகள்களில் இந்தப் புதிய கருவிக்குப் பொருத்தமான பருமன் உடையவை ஒரு சிறு பங்கே. எஞ்சிய இரும்பு சைகை ஏதும் தராமல் உடன் சுற்றுகிறது.